பேராச்சியின் இடது காது

செவ்வாய்க்கிழமை காலை பேராச்சி கண் விழித்தபோது இடது காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போலிருந்தது. முதல் நாள் தலைக்குக் குளித்த தண்ணீர் உள்ளே நின்றிருக்கும் என்று நினைத்து, தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். தண்ணீர் வரவில்லை, அடைப்பும் போகவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டதால் அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

தாராவியிலிருந்து நடந்து சயான் ஸ்டேஷன், அங்கிருந்து தாணே, தாணேயில் வண்டி மாறி ஐரோலி. பதினான்கு வருடமாக அதே வழி. ஐரோலியில் ஒரு கால் சென்டரில், ஊழியர்கள் வாடிக்கையாளர்களிடம் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று பதிவுகளைக் கேட்டு மார்க் போடுவது அவள் வேலை. நாளெல்லாம் காதில் ஹெட்செட். போகிற வழியிலும் வருகிற வழியிலும் இயர்போன். அதில் ஓடுவது மட்டும் அந்தப் பெட்டியில் வேறு யாரும் கேட்காத சமாச்சாரம்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய குவார்ட்டெட்.

அன்று குர்லாவைத் தாண்டியதும் ருஷ்யாக்காரர் பரோதினின் ஒரு மெட்டைப் போட்டாள். செல்லோ பாட ஆரம்பித்ததும் முகம் சுளித்தாள். யாரோ இரண்டு பேர் ஒரே மெட்டை அரை ஸ்வரம் தள்ளித் தள்ளி வாசிப்பது போலிருந்தது. இடது இயர்போனை எடுத்தாள். மெட்டு சரியாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வலதை எடுத்தாள். அதே மெட்டு தகரத்தில் கீறியது போல, கொஞ்சம் மேல் சுருதியில் கேட்டது. தாணே வருவதற்குள் இதை ஒன்பது முறை செய்து பார்த்தாள். ஒன்பது முறையும் அப்படியேதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குக் கச்சேரி.

பேராச்சி வயோலாவுக்கு வந்தது விரும்பி அல்ல. பத்து வயதில், தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போது, ஞாயிறுதோறும் ஒரு சர்ச் ஹாலில் இலவசமாக வயலின் சொல்லித்தருகிறார்கள் என்று போனாள். அவள் முறை வருவதற்குள் வயலின்கள் தீர்ந்துவிட்டன. கழுத்தில் ஒட்டுப் போட்ட ஒரு வயோலா மட்டும் மிஞ்சியிருந்தது. வயலினைவிடப் பெரியது, குரலும் தணிந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள், பிறகு விடவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

பதினொரு வருடமாக ஒவ்வொரு வாரமும் மாட்டுங்காவில் சுப்ரமணியன் வீட்டில் நால்வரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். சுப்ரமணியன் டிராம்பேயில் ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ அவருடையது. வந்தனா செம்பூரில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை, முதல் வயலின். இரண்டாவது வயலின் பைசான். தாராவியில் அப்பாவின் தோல் பை பட்டறையைப் பார்த்துக்கொள்கிற இருபத்தேழு வயதுக்காரன். அவன் மட்டும் பிற்பாடு சேர்ந்தவன். தலைவர் என்று யாரும் கிடையாது என்பார்கள். ஆனால் வந்தனா புருவத்தைத் தூக்கினால் மூன்று பேரும் வில்லை இறக்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி பேராச்சியின் யோசனை. இரண்டு வருடம் ரயிலில் வாரத்துக்கு ஓர் இசையமைப்பாளர் என்று கேட்டு, நாடு, காலம், அவர் வயோலாவுக்கு என்ன கொடுத்திருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாள். ஆஸ்திரியாவின் ஹைடன், பதினெட்டாம் நூற்றாண்டு: 'வயோலா அதிகம் பேசாது, பேசினால் சிரிப்பு வரும்.' பரோதின்: 'வேலை ரசாயனப் பேராசிரியர். சுப்ரமணியன் சாருக்குச் சொல்லணும்.' ஹங்கேரியின் பார்டோக், இருபதாம் நூற்றாண்டு: 'முதல் நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன்.' பொஹீமியாவின் ஸ்மெடனா: 'ஆரம்பமே வயோலாதான்!!'

அந்த நாலு பேரையும் ஒரே மாலையில் வாசிப்போம் என்று அவள்தான் சொன்னாள். பார்டோக் வேண்டவே வேண்டாம் என்று வந்தனா ஒரு வருடம் மறுத்தாள். பேராச்சி விடவில்லை. நிகழ்ச்சித் தாளில் குறிப்புகளையும் அவளே ஆங்கிலத்தில் எழுதினாள். ஸ்மெடனாவுக்கு ஐம்பது வயதில் காது முழுவதுமாகப் போய்விட்டது; கடைசிப் பகுதியில் கொண்டாட்டம் சட்டென்று அறுந்து, முதல் வயலின் ஓர் உச்ச ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்; அது அவர் காதுக்குள் கேட்ட ரீங்காரம். எழுதும்போது அது நல்ல தகவலாக இருந்தது. இப்போது ஐரோலி ஸ்டேஷன் படியில் நின்றுகொண்டு, அந்த வரியை அவளால் நினைக்கவே முடியவில்லை.

ஏன் உடனே யாரிடமும் சொல்லவில்லை? அதற்குக் காரணம் ராஹில். இரண்டு வருடத்துக்கு முன் பேராச்சியின் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஐந்து வாரம் அவளால் மாட்டுங்கா போக முடியவில்லை. அப்போது ஒரு நிகழ்ச்சிக்காக வந்தனா ராஹில் என்ற தொழில்முறை வயோலாக்காரரை அழைத்தாள். நிகழ்ச்சி பிரமாதமாக அமைந்தது. அப்பாவின் காரியங்கள் முடிந்த பிறகும் பேராச்சிக்கு அழைப்பு வரவில்லை. ஆறு மாதம் கழித்து, ராஹிலுக்கு நேரமில்லை என்று ஆன பிறகுதான் வந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மறக்கவும் இல்லை.

புதன்கிழமை ஒத்திகையில் அவள் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து ஸ்டாண்டில் வைத்துக்கொண்டாள். முள் நடுவில் நின்றால் சுருதி சரி. காதை நம்பாமல் கண்ணால் தந்திகளைச் சேர்த்தாள். வாசிக்கும்போது விரல் பழகிய இடத்துக்குப் போயிற்று. வயோலாவை இடது தோளில் வைப்பதால் அதன் சத்தம் முழுவதும் நேராக அந்தக் கெட்ட காதில்தான் விழுந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டாகக் கேட்டது. எது தன்னுடையது என்று தெரியாமலே இரண்டு மணி நேரம் வாசித்தாள். முடிந்ததும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் கணவன் சுடலை கண்டுபிடித்துவிட்டான். அவன் பஸ் டிரைவர். வண்டியில் எது சரியில்லை என்றாலும் சத்தத்திலேயே சொல்லிவிடுவான்.

"ஏட்டி, மூணு தரம் கூப்புட்டாச்சு. காது கேக்கலியா?"

"சளி புடிச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"இந்தப் பக்கம் நின்னு சொன்னா திரும்பவே மாட்டேங்குத. அந்தப் பக்கம்னா திரும்புத. இது என்ன சளி?"

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். டாக்டர்ட்ட போவோம்."

"காது பெருசா, கச்சேரி பெருசா?"

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் வாசல் வரை வந்து, "நான் சொல்லுதத சொல்லிட்டேன்" என்றான். அதுவும் பாதிதான் கேட்டது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்கே மாட்டுங்கா போனாள். அன்று ஸ்மெடனா. முதல் மூன்று பகுதிகளையும் விரல் ஞாபகத்தில் ஓட்டிவிட்டாள். நாலாவது பகுதி நாட்டியம் மாதிரி வேகமாகப் போகும். அது அறுந்து நின்றது. கீழே மூன்று பேரும் வில்லை நடுங்கவிட்டு வாசிக்க, மேலே வந்தனா அந்த உச்ச ஸ்வரத்தைப் பிடித்தாள்.

பேராச்சியின் இடது காதுக்குள் அது இரும்பை அறுப்பது போல இறங்கியது. அவள் விரல் தானாகவே அதற்கு இணையாக நகர்ந்தது. நகர்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சுப்ரமணியன் நிறுத்தினார். "என்னம்மா இது, சேரவே இல்லையே?"

"மழைக்காத்துல தந்தி எறங்கிருச்சு போல சார்."

"தந்தி சரியாத்தான் இருக்கு. நீதான் மேலே போயிண்டிருக்கே."

வந்தனா வில்லை மடியில் வைத்தாள். "புதன்கிழமையே கவனிச்சேன். ஆறு இடத்துல தப்பு. நீ ஒரு இடத்துலகூட முகத்தைச் சுளிக்கல. உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா நான் ராஹிலுக்கு போன் பண்றேன். நூத்தி இருபது பேர் வரா. என்னால ரிஸ்க் எடுக்க முடியாது."

அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். பேராச்சி வயோலாவை மடியில் இறக்கினாள்.

"காது கேக்கல" என்றாள். "இடது காது. எல்லாம் ரெண்டு ரெண்டா கேக்கு."

பைசான் எழுந்து நின்றுவிட்டான். "அரே, என்னக்கா சொல்லுதீங்க?"

"எத்தனை நாளா?" வந்தனாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமையிலேருந்து."

"நாலு நாள். நாலு நாளா டாக்டர்கிட்ட போகாம, எங்ககிட்டயும் சொல்லாம உட்காந்து வாசிச்சிருக்கே. பைத்தியமா நீ?"

"சொன்னா நீங்க ராஹில கூப்புட்ருப்பீங்க."

"ஆமாம். கூப்பிட்டிருப்பேன்."

அந்தப் பதிலை வந்தனா கொஞ்சமும் பூசி மெழுகாமல் சொன்னாள். சுப்ரமணியன் செல்லோவைப் படுக்க வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். "சயான்ல எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் இருக்கா. இப்பவே போலாம். சண்டையை அப்புறம் வச்சுக்கோங்கோ."

டாக்டர் ஷைஸ்தா முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலப் பக்கம் என்றாள் பேராச்சி. ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்கும்போதெல்லாம் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. இடது காதுக்கு வந்தபோது நெடுநேரம் ஒன்றுமே இல்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே இருந்த பெண் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் நிற்கவில்லை என்று அப்போது புரிந்தது.

"இது அழுக்கும் இல்ல, தண்ணியும் இல்ல" என்றார் டாக்டர். "உள்காதுல வந்த பாதிப்பு. திடீர்னு வரும். நெறைய பேருக்குக் காரணமே தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். செவ்வாய்க்கிழமையே வந்திருக்கணும் நீங்க."

"திரும்பி வருமா டாக்டர்?"

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராது. நீங்க எதுல சேத்தின்னு இப்ப சொல்ல முடியாது."

"ஞாயித்துக்கிழமை வாசிக்கலாமா?"

டாக்டர் அவளைக் கொஞ்சம் பார்த்தார். "இடது காத நல்லா அடைச்சிட்டு வாசிங்க. அதனால இன்னும் கெட்டுப்போகும்னு சொல்ல மாட்டேன். ஆனா சரியா வாசிப்பீங்களான்னு என்னைக் கேக்காதீங்க."

சனிக்கிழமை மாத்திரையின் சூட்டில் முகம் சிவந்து, தூக்கமில்லாமல், விரல் நுனிகள் லேசாக நடுங்க அவள் மாட்டுங்கா போனாள். வந்தனா அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். இடது காதில் நுரைப்பஞ்சு அடைப்பான். பின்னாலிருந்து சுப்ரமணியன் செல்லோவில் ஒரு ஸ்வரம் வாசிப்பார். அவள் அதைக் கண்டுபிடித்து வாசிக்க வேண்டும். போன் கிடையாது, முள் கிடையாது. அரை மணி நேரம் இது நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்த அவமானம் அவளுக்குக் கழுத்து வரை ஏறியது. ஆனாலும் வாசித்தாள். ஒற்றைக் காதில் ஸ்வரம் ஒன்றாகத்தான் கேட்டது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

"சார், நீங்க எப்பவும் என் இடப்பக்கம் இருக்கீங்க" என்றாள். "வலப்பக்கம் வந்தா உங்கள புடிச்சிக்கிட்டே போயிருவேன்."

சுப்ரமணியன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேராச்சி ஓரத்துக்குப் போனாள். ஹைடன் சரியாக வந்தது. பரோதினும் வந்தது. ஸ்மெடனாவும் ஏறக்குறைய வந்துவிட்டது. பார்டோக்கில் மட்டும், நாலு குரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற இடங்களில், எந்த உரசல் அவர் எழுதியது, எது தன் தவறு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றார்கள். மூன்றாம் முறை அவளே வில்லை இறக்கினாள்.

"இத விட்ருவோம்."

"நீயா சொல்றே?" என்றாள் வந்தனா.

"நான்தான் சொல்லுதேன்."

வந்தனா வெகுநேரம் நோட்ஸ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ராஹில் வருவார். முன்வரிசையில வயோலாவோட உட்காருவார். முதல் பாதி சரியா வரலன்னா ஸ்மெடனாவை அவர் வாசிப்பார். இதுக்கு ஒத்துண்டாத்தான் நாளைக்கு."

பைசான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பேராச்சி கையைக் காட்டி நிறுத்தினாள். "சரி" என்றாள்.

ஞாயிறு மாலை மாட்டுங்காவில் அந்தச் சிறிய ஹால் முக்கால்வாசி நிறைந்தது. சுடலை டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் ராஹில், மடியில் வயோலாப் பெட்டி. பெட்டியின் இரண்டு பூட்டும் திறந்திருந்தன. பேராச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

ஹைடனின் முதல் பகுதி பிழையில்லாமல் போயிற்று. அவள் சுப்ரமணியனின் வில்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது பகுதி மெதுவானது; மறைந்துகொள்ள இடமில்லாதது. அதில் ஓரிடத்தில் அவள் மூன்றாம் விரல் கொஞ்சம் மேலே விழுந்தது. உடனே கீழே இழுத்தாள். எட்டுத் தாளக்கட்டு தள்ளி இன்னொரு முறை. சுப்ரமணியன் அவள் பக்கம் சாய்ந்து தன் ஸ்வரத்தைச் சற்று அழுத்தி வாசித்தார். அவள் அதைப் பற்றிக்கொண்டு ஏறினாள். முன்வரிசையில் ராஹில் பெட்டியின் மேல் கையை வைப்பது ஓரக்கண்ணில் பட்டது. பரோதின் வந்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது. செல்லோ பாட, அவள் அடியில் தாங்கினாள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் ராஹில் வந்தார். நல்ல மனிதர். யாரையும் பார்க்காமல் சுவரோரம் நின்றார். வந்தனா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேராச்சியின் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"நீ சொல்லு. எப்படி இருந்தது?"

"ரெண்டு இடம் தப்பு. ரெண்டுமே மெதுவான பகுதியில. ரெண்டுமே மேல போச்சு. போன உடனே தெரிஞ்சுது, இறக்கிட்டேன். பரோதின்ல ஒண்ணுமில்ல."

வந்தனா சுப்ரமணியனைப் பார்த்தாள். அவர், "ரெண்டுதான்" என்றார்.

"புதன்கிழமை ஆறு தப்பு பண்ணினே. ஒண்ணுகூட உனக்குத் தெரியல. எனக்கு அதான் பயமா இருந்தது." வந்தனா ராஹில் பக்கம் திரும்பி இந்தியில், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், அவளே வாசிப்பாள் என்றாள். ராஹில் தலையசைத்துவிட்டு, பெட்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஸ்மெடனா தொடங்கும்போது நாலு பேரும் சேர்ந்து ஓங்கி ஒரு வில். உடனே மற்ற மூவரும் தணிந்துவிட, வயோலா தனியாக எழ வேண்டும். பேராச்சியின் வயோலா எழுந்தது. அந்த ஒரு நிமிடம் ஹாலில் அவள் குரல் மட்டும்தான். பிசகினால் மூடிக்கொள்ள எதுவும் இல்லை. நீண்ட ஸ்வரத்திலிருந்து கீழே பாயும் இடம் வந்தது. விரல் விழுந்தது. விழுந்த இடம் சரி என்று வலது காது சொன்னது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவள் எதையும் நினைக்கவில்லை.

நாலாவது பகுதியில் நாட்டியம் அறுந்தது. வந்தனா உச்ச ஸ்வரத்தைப் பிடித்தாள். அடைத்து வைத்திருந்த இடது காதுக்குள் வெளிச்சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் உள்ளே, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓயாமல் ஓடும் ஒரு கீச்சொலி இருந்தது. அதைப் பற்றி அவள் டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வலது காதில் வந்தனாவின் ஸ்வரம், இடது காதில் தன்னுடையது. இரண்டும் சேரவில்லை. அவள் வில்லை நடுங்கவிட்டபடி, தன் வரியில், எழுதியிருந்த இடத்திலேயே நின்றாள். கண்ணில் நீர் வந்ததால் கடைசிப் பக்கத்தை மனப்பாடமாக வாசித்தாள்.

கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. மழை வேறு பிடித்துவிட்டதால் ஆட்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். பார்டோக் எங்கே என்று ஒரு பெரியவர் நிகழ்ச்சித் தாளைக் காட்டிக் கோபமாகக் கேட்டார். சுப்ரமணியன் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். சுடலை வந்து வயோலாப் பெட்டியை வாங்கிக்கொண்டான். அவள் வலப்பக்கமாக வந்து நின்று, "நாளைக்கு அந்த டாக்டரம்மாட்ட நானும் வாரேன்" என்றான்.

மாத்திரை இரண்டு வாரம். பிறகு செவிப்பறை வழியாக நாலு ஊசி. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தெருவில் போன ஆட்டோ ஹாரன் ஒன்றாகக் கேட்டது. அவள் நின்று, அடுத்த ஹாரனுக்காகக் காத்திருந்தாள். அதுவும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டாகக் கேட்பது அதோடு நின்றது. ஆனால் மேல் சுருதிகள் இடது காதுக்குத் திரும்பவில்லை. குயில் எந்த மரத்தில் கூவுகிறது என்று அவளால் சொல்ல முடியாது. கீச்சொலியும் போகவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால் எல்லாம் திரும்பியிருக்குமா என்று டாக்டர் ஷைஸ்தாவிடம் ஒருமுறை கேட்டாள். "தெரியாது" என்றார் அவர். அந்தக் கேள்வியோடு அவள் இன்னமும் இருக்கிறாள்.

ஐரோலியில் ஹெட்செட் வேலையை விட்டு, மின்னஞ்சல்களுக்கு மார்க் போடும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். ரயிலில் இயர்போன் போடுவதில்லை. வீட்டில் சின்ன ஸ்பீக்கரில், தணிவாக, வாரத்துக்கு ஒருவர் என்று இன்னும் கேட்கிறாள். போன வாரம் ஃபின்லாந்து, இந்த வாரம் பிரேசில்.

வந்தனாவும் அவளும் முன்னைவிட நெருங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வந்தனா அந்தக் கச்சேரியைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த ஒத்திகையில் எல்லோரும் உட்கார்ந்ததும், வில்லை எடுக்குமுன் பேராச்சி அவளிடம் சொன்னாள்:

"மேல் தந்தியில நான் தப்பாப் போனா உடனே நிப்பாட்டணும். பாவம்னு விடக் கூடாது."

வந்தனா, "சரி" என்றாள்.

அன்று மாலை அவள் ஏழு முறை நிறுத்தினாள்.